மூக்குக்கு முதல்ல தெரியும், மீட்டருக்கு அப்புறம்தான் தெரியும்



நவரை அறுப்பு முடிஞ்சதும் வழக்கம்போல 25 கிலோ அரிசி சிப்பம் ஒண்ணு தூக்கிக்கிட்டு தண்டையார்பேட்டை அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். பொன்னேரியில ரயில் ஏறினா மீஞ்சூர் வரைக்கும் கழனி தெரியும். அத்திப்பட்டு நெருங்கும்போதே இடது பக்கம் புகைப்போக்கிங்க தெரிய ஆரம்பிச்சிடும். எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர்னு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வாடை உண்டு. கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தாலும் எந்த ஊர் வந்துச்சுன்னு மூக்கே சொல்லிடும்.

அக்கா வீட்டுல ஒரு பழைய தினசரி காலண்டர் கட்டு பார்த்தேன். கிழிச்ச தாளை மாமா தூக்கிப் போடறதில்ல. பின்பக்கம் பென்சில்ல எழுதி கிளிப் போட்டு வச்சிருக்கார். "ராத்திரி 2 மணி, கேஸ் வாடை, வடக்குக் காத்து, அரை மணி நேரம்." இப்படி பல வருஷத்துத் தாள். "இதெல்லாம் எதுக்கு மாமா?"ன்னு கேட்டேன். "நாளைக்கு ஒருத்தன் வந்து எப்போன்னு கேப்பான்யா. எப்பவும்தான்னு சொன்னா எழுதிக்க மாட்டான்"னார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வச்சுது.

தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு வாழ்ந்த இடம்கிறதால தொண்டியார்பேட்டைன்னு பேர் வந்துச்சும்பாங்க. இப்போ அந்தப் பக்கம்தான் தமிழ்நாட்டுக்கே அடுப்பு மாதிரி. 1965 கடைசியில மெட்ராஸ் ரீஃபைனரீஸ் கம்பெனி தொடங்கி, 1969-ல மணலியில சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சுது. கச்சா எண்ணெய் துறைமுகத்துல இறங்கி, வடசென்னை ஊடால குழாய்ல மணலி போகும். 1970-கள்ல எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட். 1994-லேருந்து 1996-க்குள்ள வடசென்னை அனல்மின் நிலையம், 210 மெகாவாட் வீதம் மூணு அலகு. அப்புறம் 600 வீதம் ரெண்டு. வல்லூர்ல 500 வீதம் மூணு. 2017-ல பழைய எண்ணூர் நிலையத்தை மூடினாங்க. 2024-ல வடசென்னையில 800 மெகாவாட்ல இன்னொண்ணு திறந்தாங்க.

இந்தக் கணக்கு எல்லாம் அரசாங்கப் புத்தகத்துல இருக்கு. ஆனா இதைச் சுத்தி இருக்கிற ஜனங்க என்னத்தப் பார்த்தாங்க, எப்படிக் கணக்கு வச்சாங்கங்கிறது எந்தப் புத்தகத்துலயும் ஒழுங்கா இல்ல. அதைத்தான் கொஞ்சம் சொல்லப் போறேன்.

மாமா காலண்டர் எழுத ஆரம்பிச்சது 2013 ஜூலையில. அக்கா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஒட்டின வீடுகள்ல போர் தண்ணியில எண்ணெய் வாடை வந்துச்சு. வாளியில பிடிச்சு வச்சா மேல எண்ணெய்ப் படலம் மிதந்துச்சு. முதல்ல "டேங்க் கழுவுங்க, மோட்டார்ல ஆயில் கசியுது"ன்னு பதில். ஒரு வீட்டுல மட்டும்னா அதோட முடிஞ்சிருக்கும். வீடு வீடா போய் எத்தனை போர்ல வாடைன்னு பார்த்தப்புறம்தான் விஷயம் பெருசாச்சு. துறைமுகத்துலேருந்து தண்டையார்பேட்டை கிடங்குக்குப் போற ஒரு எண்ணெய்க் குழாய்ல கசிவுன்னு பின்னாடி உறுதியாச்சு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. மண்ணுக்கடியில போன எண்ணெயை உறிஞ்சி எடுக்கிற வேலை வருஷக்கணக்குல நடந்துச்சு.

குழாய்ல அழுத்தம் பார்க்கிற மீட்டர் இருக்குமே, அதுக்கு ஏன் தெரியலன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். மாமா துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பெரிய குழாய்ல ஊசி ஓட்டை அளவு கசிவு இருந்தா முள்ளு அசையாதாம். நம்ம போர் பைப்புல சின்ன ஓட்டை விழுந்தா மோட்டார் சத்தத்துல தெரியாது, ஆனா வரப்பு ஈரமா இருக்கும்ல, அந்த மாதிரி. வரப்புல நடக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

காத்துலயும் இதே கதைதான். காத்துத் தரம் பார்க்கிற தேசியத் திட்டத்துல, கையால மாதிரி எடுக்கிற நிலையங்கள்ல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் எடுப்பாங்க. வருஷத்துக்கு 104 நாள். 24 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே சராசரி. ராத்திரி 2 மணிக்கு வந்து அரை மணி நேரத்துல போற வாடை அந்தச் சராசரியில காணாமப் போயிடும். இப்போ தானியங்கிக் கருவிங்க வந்திருக்கு. ஆனா கருவி நிக்கிறது ஒரு இடத்துல, வாடை போறது காத்து அடிக்கிற பக்கம்.

இதுக்கு ஜனங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துல ரோடியோன்னு ஒரு சின்ன ஊர். பக்கத்துலயே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1994-ல அங்க வாரக்கணக்குல விஷ ரசாயனம் கசிஞ்சுது. அந்த ஜனங்களுக்காக வழக்கு நடத்தின எட் மஸ்ரிங்கிற வக்கீல், வாடை வரும்போது அவங்களே காத்தைப் பிடிச்சு வைக்க ஒரு சாதனம் வேணும்னு ஒரு இன்ஜினியர் மூலமா செய்ய வச்சார். அது என்னன்னா, மூடி போட்ட சாதாரண பிளாஸ்டிக் வாளி. உள்ள ஒரு பை. பையோட வாய் மட்டும் வாளிக்கு வெளியே. சின்ன பம்ப்பு வச்சு வாளிக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சினா, வெளிக்காத்து தானா பைக்குள்ள ஏறும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினா என்னென்ன ரசாயனம்னு சொல்லிடுவாங்க.

அதே வாளி 2004-ல நம்ம கடலூருக்கு வந்துச்சு. சிப்காட் ரசாயன ஆலைங்களைச் சுத்தி இருக்கிற கிராமத்து ஆணும் பெண்ணும் பயிற்சி எடுத்துக்கிட்டு, வாடை வந்த நேரம், காத்து திசை, எந்த மாதிரி வாடைன்னு எழுதி வச்சு, வாளியில காத்தைப் பிடிச்சு அனுப்பினாங்க. அழுகின முட்டை வாடை, நெயில் பாலிஷ் வாடைன்னு அவங்க எழுதினது படிக்காத ஜனங்க பேச்சுன்னு தள்ளப்பட்டது. ஆய்வகத் தாள்ல ரசாயனத்தோட பேரு வந்தப்புறம் தள்ள முடியல. உச்ச நீதிமன்றம் போட்ட கண்காணிப்புக் குழு வரைக்கும் அது போச்சு.

இப்போ எண்ணூருக்கு வரேன். நம்ம நாட்டு நிலக்கரியில மூணுல ஒரு பங்கு அளவுக்கு சாம்பல்தான். எரிச்சப்புறம் அந்தச் சாம்பலைத் தண்ணி கலந்து குழம்பாக்கி, குழாய்ல தள்ளி, தூரத்துல இருக்கிற சாம்பல் குளத்துல கொட்டுவாங்க. வடசென்னை நிலையத்தோட குழாய் கொசஸ்தலை ஆத்து உப்பங்கழியைத் தாண்டித்தான் போகணும். குழாய் தேஞ்சு ஓட்டை விழுந்தா குழம்பு நேரா ஆத்துல. காட்டுக்குப்பம், சிவன்படை குப்பம், முகத்துவாரக் குப்பம் மீனவங்க இதை வருஷக்கணக்காப் பார்த்தாங்க. துடுப்புக் கழி முழுசா மூழ்கின இடத்துல இடுப்பளவுத் தண்ணி ஆயிடுச்சு. இறாலுக்குக் கையால தடவுறவங்களுக்குச் சேறுக்குப் பதிலா வழவழன்னு சாம்பல் வந்துச்சு. கழிதான் அவங்களுக்கு ஆழம் அளக்கிற மீட்டர், கைதான் மண் பரிசோதனை. சாம்பல் குளத்தை ஒட்டின சேப்பாக்கத்துல இருக்கிறவங்க நம்மள மாதிரி கழனி, மாடு வச்சிருந்த ஜனங்க. மேல்காத்து அடிச்சா சோத்துல சாம்பல்.

2016-ல காட்டுக்குப்பத்து மீனவர் ஒருத்தர் பசுமைத் தீர்ப்பாயத்துல வழக்குப் போட்டார். எந்த எடத்துல குழாய் ஒழுகுதுன்னு போட்டோ எடுத்து, தேதியோட புகார் மேல புகார் போச்சு. தீர்ப்பாயம் அனுப்பின நிபுணர் குழுவுல மண்புழு ஆராய்ச்சியாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் ஐயா இருந்தார். இயற்கை விவசாயம் பண்றவங்களுக்கு அவரைத் தெரியாம இருக்காது. மீனவங்க கழியால சொன்னதை அந்தக் குழு அறிக்கையா எழுதுச்சு. ஆத்துல சாம்பல் படிஞ்சிருக்குன்னு பதிவாச்சு. 2022 ஜூலையில தீர்ப்பு. உப்பங்கழியை மீட்கணும், கெடுத்தவங்கதான் செலவு ஏத்துக்கணும்னு சொல்லுச்சு. தீர்ப்பு வந்த மறுநாளே ஆறு ஆழமாயிடல. ஆனா "சாம்பலே இல்ல"ன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

நடுவுல வரைபடத்துல ஒரு கூத்து. 1996-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை வரைபடத்துல எண்ணூர் உப்பங்கழி ஒழுங்கா இருக்கு. பிற்பாடு அதிகாரிங்க வச்சிருந்த வரைபடத்துல அதைக் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ரெண்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாங்க, 2017-ல. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, தாள்ல ஆறு இல்ல. பழைய தாளைப் பத்திரப்படுத்தலன்னா ஆறே இருந்ததில்லன்னு சொல்லியிருப்பாங்க.

அதே 2017 ஜனவரி 28 விடியக்காலம், எண்ணூர் காமராஜர் துறைமுகம் பக்கம் ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லன்னு துறைமுகத் தரப்புல முதல்ல அறிக்கை. ஆனா எர்ணாவூர் கரையில தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கிக் கிடந்துச்சு. மீனவங்களும் காலேஜ் பசங்களும் வாளியிலதான் அள்ளினாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல மறுபடியும் எண்ணெய், இந்தத் தடவை மணலி பக்கத்துலேருந்து பக்கிங்காம் கால்வாய் வழியா. அப்பவும் படகுல ஒட்டின கறுப்பைப் பார்த்துட்டு முதல்ல போன் பண்ணினது மீனவங்கதான்.

இதெல்லாம் பட்டணத்துக் கதை, நமக்கென்னன்னு நினைக்கலாம். என் கதை ஒண்ணு சொல்றேன். எங்க ஊர் வழியா உயர்மின் கோபுர லைன் வந்தப்போ என் கழனியில கோபுரத்துக்கு நாலு காலும் ஊனினாங்க. சம்பா கதிர் விட்டிருந்த நேரம். லாரி, ஜேசிபி எல்லாம் பயிர் மேலயே வந்துச்சு. இதுக்கு நிலத்தைக் கையகப்படுத்த வேண்டாமாம், 1885-ம் வருஷத்து தந்திச் சட்டத்து அதிகாரமே போதுமாம், நஷ்ட ஈடு மட்டும் குடுத்தா சரியாம். கணக்கெடுக்க வந்தவர், "என்னிக்கு நட்டீங்க, எத்தனை சென்ட் அழிஞ்சுது, என்ன ரகம்?"னு கேட்டார். நான் வாயால சொன்னேன். அவர் பாதியைத்தான் எழுதினார். என் பக்கத்துக் கழனிக்காரர் ஒரு நோட்டுல நட்ட தேதி, உரம் போட்ட பில்லு, செல்போன்ல போட்டோ எல்லாம் வச்சிருந்தார். அவருக்குக் கிடைச்சதுல பாதிகூட எனக்கு வரல. நான் கோபுரத்தைத் திட்டினேன், ஆபீஸைத் திட்டினேன். என் நோட்டு வெறுமையா இருந்ததை மட்டும் ரொம்ப நாள் ஒத்துக்கல.

மின்சாரம் வேணாம்னு நான் சொல்லல. என் போர் மோட்டார் ஓடுறதே அந்தக் கரண்டுலதான். அக்கா வீட்டு ஃபேனும் அதுலதான். ஆனா எண்ணூர் சாம்பல் திங்கிற ஊர் வேற, வெளிச்சம் வாங்குற ஊர் வேறன்னு ஆகிப்போச்சு. புகைப்போக்கிக் கந்தகப் புகையைக் குறைக்க 2015-ல விதி போட்டாங்க, 2017 கடைசி வரைக்கும் கெடு. அந்தக் கெடு எத்தனை தடவை தள்ளிப் போச்சுன்னு எண்ணிப் பாருங்க. இதை எண்ணிக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும். சம்பளம் வாங்குற ஆள் மாறுதலாகிப் போயிடுவார். அந்த ஊர்லயே கிடக்கிறவன்தான் எண்ணணும்.

போன மாசம் எங்க ஏரிக்கரை பக்கம் மூணு பேர் முக்காலி வச்சு அளந்துட்டுப் போனாங்க. என்னத்துக்குன்னு கேட்டா "சர்வே"ங்கிறாங்க. பஞ்சாயத்துல கேட்டா தெரியாதுங்கிறாங்க. சோலார்ங்கிறான் ஒருத்தன், இன்னொரு லைன்ங்கிறான் இன்னொருத்தன். எதுவா இருந்தாலும் நல்லதோ கெட்டதோ, இந்தத் தடவை நான் தயாரா இருக்கணும்.

அதனால தண்டையார்பேட்டையிலயே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிட்டு வந்துட்டேன். மாமா சொன்ன மாதிரி தேதி, நேரம், இடம், பார்த்தது, கூட யார் இருந்தாங்கன்னு அஞ்சு கட்டம் போட்டிருக்கேன். கேட்டதை எழுத மாட்டேன், பார்த்ததை மட்டும். கிணத்துத் தண்ணி எத்தனை முழத்துல நிக்குதுன்னு மாசம் ஒருதரம் கயிறு விட்டு அளக்கப் போறேன். ஏரியை நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுத்தாச்சு. நம்ம ஊர் புல வரைபடமும் அடங்கலும் நகல் கேட்டு மனு போட்டிருக்கேன்.

முதல் பக்கத்துல எழுதினது இதுதான்: சர்வே பண்ண மூணு பேர், காலை 11 மணி சுமார், ஏரி மதகுலேருந்து தெற்கே, என்னோட என் பெரிய பையன். தேதி சரியா ஞாபகம் இல்ல. அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கு. அன்னிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ச்சவங்க யாராவது இதைப் படிச்சா தேதி சொல்லுங்க, எழுதிக்கிறேன்.