கவ்விப் பிடித்தல் (நாய்ப் பயிற்சி)

கவ்விப் பிடித்தல் என்பது, கொடுத்த பொருளை நாய் வாயில் வாங்கி, மெல்லாமல், உதறாமல், விடச் சொல்லும்வரை தாடையை அசைக்காமல் வைத்திருக்கும் பழக்கம். எறிந்ததை எடுத்து வருவது, பை சுமப்பது, உடல் ஊனமுற்றவர்களுக்குக் கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பது ஆகிய எல்லா வேலைகளுக்கும் இதுவே அடிப்படை. இன்று இதைப் பெரும்பாலும் வெகுமதி முறையில், அதாவது சரியாகச் செய்த நொடியில் தீனி கொடுத்துப் பழக்குகிறார்கள். பிடிப்பதும் விடுவதும் இதில் ஒரே பாடத்தின் இரு பாதிகள். நாய்க்கு நஞ்சான அரளி குவியும், குமரி மாவட்டத்துத் தோவாளை போன்ற பூச்சந்தை ஊர்களில், விடுதல் என்ற இரண்டாம் பாதியே நாயின் உயிரைக் காக்கக் கூடியது.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேட்டை நாய்களுக்கும் காவல் நாய்களுக்கும் இந்தப் பழக்கத்தை வலியால் ஊட்டினார்கள். காது மடலை நசுக்குவார்கள், அல்லது கால்விரலைக் கயிற்றால் இறுக்குவார்கள். வலி தாங்காமல் நாய் வாயைத் திறக்கும்போது மரக்கட்டையைத் திணிப்பார்கள். அது கவ்வியதும் பிடியைத் தளர்த்துவார்கள். ஜெர்மனியின் காவல்துறை அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட பயிற்சிக் கையேடும் கட்டாயத்துக்குப் பெரிய இடம் தந்தது. இப்படிப் பழகிய நாய் கட்டையை விடாமல் பிடிக்கும். ஆனால் காதைத் தாழ்த்தி, வாலைச் சுருட்டி, பயந்தபடியேதான் பிடிக்கும்.

மாற்று வழிக்கான அடித்தளம் ஆய்வுக்கூடத்தில் அமைந்தது. பலன் தந்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் பூனைகளை வைத்துக் காட்டினார். பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில், ‘டக்’ என்று ஒலிக்கும் சிறு பொம்மையையும் தீனியையும் கொண்டு வீட்டு நாய்க்கு யாரும் புதுச் செயல் கற்பிக்கலாம் என்று விளக்கினார். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் வெளியிட்ட நூல் இம்முறையை நாய் வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்தது. இதற்கிடையே, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பொருள் எடுத்துத் தரும் நாய்களைப் பழக்கும் ‘கேனைன் கம்பானியன்ஸ்’ அமைப்பு 1975இல் கலிபோர்னியாவில் தொடங்கியது.

போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. தண்டனை மிகுந்த பயிற்சிக் கூடங்களின் நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் கூடுதலாக இருந்தன. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இல், எல்லா வகைப் பயிற்சிக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது. இந்தியாவில் விலங்குகளை அடிப்பதும் தேவையற்ற வலிக்கு உள்ளாக்குவதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

அடிப்படை

நாய்க்கு எந்த நொடியில் செய்தது சரி என்று தெரிய வேண்டும். தீனி வாய்க்குப் போய்ச் சேர ஓரிரு நொடி ஆகும். அதற்குள் நாய் வேறு எதையாவது செய்துவிடும். ஆகவே தீனி வருவதை அறிவிக்கும் குறிப்பொலி ஒன்று தேவை. ‘டக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் கருவியையோ, ‘சரி’ என்பது போன்ற குறுகிய சொல்லையோ பயன்படுத்தலாம். சொல்லைச் சொல்லி உடனே தீனி கொடுப்பதைச் சில தடவை திரும்பச் செய்தாலே நாய் அதைப் புரிந்துகொள்ளும்.

கவ்விப் பிடித்தலில் பெரும்பாலானோர் சறுக்கும் இடமும் இந்த நொடிக் கணக்குதான். நாய் கட்டையைத் துப்பியபின் ‘சரி’ என்றால், துப்பியதற்கே கூலி கிடைத்தது என்று அது எடுத்துக்கொள்ளும். தாடை அசையாமல் இருக்கும்போதே சொல் விழ வேண்டும். சொல் விழுந்தபின் நாய் கட்டையை விடுவதில் தவறில்லை. வேலை அதற்குள் முடிந்துவிட்டது.

பயிற்சிப் பொருள்

நடுவில் மெலிந்து இரு முனையிலும் தடித்த மரக்கட்டை வழக்கமான கருவி. அது இல்லாவிட்டால் பழைய பருத்தித் துண்டை இறுகச் சுருட்டி நடுவில் கட்டிக்கொள்ளலாம். பனை மட்டை குமரி மாவட்டத்தில் எளிதாகக் கிடைத்தாலும் அதன் ஓரத்துக் கருக்கு ஈறைக் கிழிக்கும். தேங்காய்த் தொண்டிலிருந்து நார் பிரிந்து வயிற்றுக்குள் போகும். இரும்பு, பித்தளைச் சாமான்களை நாய்கள் வாயில் வாங்கத் தயங்கும். தொடக்கத்தில் அவற்றின் மேல் துணி சுற்றிக் கொடுத்துப் பின்னர் துணியைக் குறைக்க வேண்டும்.

தீனிக்கு வேகவைத்த கோழி இறைச்சி, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சுண்டுவிரல் நக அளவில் நறுக்கி வைத்துக்கொள்ளலாம். உப்புக் கருவாடு, வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு, திராட்சை, சாக்லேட் ஆகியவை ஆகா.

படிநிலைகள்

1. தொடுதல்: கட்டையை நாயின் மூக்குக்குச் சற்று முன்னால் நீட்ட வேண்டும். முகர்ந்தாலோ மூக்கால் தொட்டாலோ ‘சரி’ சொல்லித் தீனி கொடுக்கலாம். கட்டையை வாய்க்குள் திணிக்கக் கூடாது.

2. வாய் திறத்தல்: தொடுவது வழக்கமானபின் வெறும் தொடுதலுக்குக் கூலி கிடையாது. தீனி வராதபோது நாய் சற்று முனைந்து உதட்டையோ பல்லையோ கட்டையில் வைக்கும். அந்த நொடியில் சொல் விழ வேண்டும்.

3. கவ்வுதல்: பற்கள் கட்டையை முழுதாகச் சூழ்ந்தால் மட்டுமே கூலி. கட்டையின் ஒரு முனை இன்னும் பழக்குபவர் கையில் இருக்கும். கட்டை கோரைப் பற்களுக்குச் சற்றுப் பின்னால் அமைவதே சரியான பிடி. அதைவிட உள்ளே கடைவாய்ப் பல்லுக்குப் போனால் நாய்க்கு மெல்லும் எண்ணம் வரும்.

4. அசையாமை: கையைத் தளர்த்தி, ஒரு நொடி, இரண்டு நொடி என்று நேரத்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட நீட்டினால் நாய் சலித்துப் போகும். இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று, நான்கு என நீட்டியும் குறைத்தும் போவது நல்லது. மறு கையின் உள்ளங்கையை நாயின் மோவாய்க்குக் கீழே மெல்ல ஏந்தினால் தலை தானாக நிலைக்கும். அந்தக் கையால் தாடையை அழுத்தி மூடுவது கட்டாயமாகிவிடும்.

5. விடுதல்: ஒரு கையைக் கட்டையின் அருகில் கொண்டுபோய் ‘விடு’ என்று சொல்லி, மறு கையால் தீனியைக் காட்ட வேண்டும். நாய் விட்டதும் தீனி கொடுத்து, பெரும்பாலும் அதே பொருளைத் திரும்பவும் கொடுத்துவிட வேண்டும். விட்டால் பொருள் பறிபோகாது என்று கண்ட நாய் ஒளித்து வைக்காது, உறுமாது.

6. சொல்லும் சூழலும்: செயல் உறுதியானபின்தான் ‘பிடி’ என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும். அடுத்து நடை, தூரம், கவனச் சிதறல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டலாம். ஒன்றைக் கூட்டும்போது மற்றதைக் குறைக்க வேண்டும். வீட்டுக்குள் பத்து நொடி பிடித்த நாயிடம் தெருவில் இரண்டு நொடி எதிர்பார்ப்பதே முறை.

ஒரு வேளைப் பயிற்சி மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் முடிவது நல்லது.

மெல்லுதலும் அதன் காரணங்களும்

நாய்ப் பயிற்சிப் போட்டிகளில் கட்டையை மென்றாலோ புரட்டினாலோ மதிப்பெண் குறையும். மெல்லுவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. நேரத்தை அவசரப்பட்டு நீட்டியிருப்பது ஒன்று. ‘சரி’ தாமதமாக விழுவது இரண்டாவது. நாய் அளவுமீறிக் கிளர்ந்திருப்பது மூன்றாவது. பந்தைக் காட்டியும் சத்தமாகப் பாராட்டியும் பழக்கிய நாய் துள்ளும். துள்ளும் நாயின் தாடை அடங்காது. தாழ்ந்த குரல், மெதுவாக வரும் தீனி, உட்கார்ந்த நிலை ஆகியவை கிளர்ச்சியைத் தணிக்கும். மெல்லத் தொடங்கினால் அதட்ட வேண்டியதில்லை. கட்டையை அமைதியாக வாங்கிக்கொண்டு, முந்தைய படிக்குத் திரும்பினால் போதும்.

இன வேறுபாடு

லாப்ரடார் போன்ற இனங்களை, சுட்ட பறவையைச் சிதைக்காமல் கொண்டுவரவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள். அவை விரைவில் கற்கும். நாட்டு இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைத் துரத்திப் பிடிப்பவை. ஓடும் பொருளை விரட்டும் அவை, கையில் நீட்டிய கட்டையை ஏறிட்டும் பாராமல் இருக்கலாம். இவற்றுக்கும் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்களுக்கும் முதல் இரண்டு படிகளில் கூடுதல் நாட்கள் கொடுக்க வேண்டும். நாட்டு இனங்களால் கட்டுப்பாடான வேலை ஆகாது என்ற எண்ணமும் மாறிவருகிறது. 2016இல் நாட்டு இனமான முதோல் நாய்களை மீரட்டிலுள்ள இராணுவக் கால்நடைப் படைப்பிரிவு மையம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது.

தோவாளைச் சூழலில்

தோவாளை, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே உள்ள பூச்சந்தை ஊர். விடியலுக்கு முன்பே பூமூட்டைகள் வந்திறங்கும். ஓணத்தின்போது கேரள வியாபாரிகளால் சந்தை நிறையும். இவ்வூரின் மாணிக்கமாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துத் தொடுக்கும் அம்மாலையின் அழகுக்குக் காரணமான அரளியே நாய்க்கு நஞ்சு. செடியின் எல்லாப் பகுதிகளிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு. மென்ற நாய்க்கு வாந்தி, எச்சில் வடிதல், தளர்ச்சி, சீரற்ற துடிப்பு ஆகியவை தோன்றும். அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூக்கட்டும் திண்ணையில் சிதறும் நூலும் நாரும்கூட, விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுக்கும்.

இத்தகைய வீட்டில் நாய் எதையோ வாயில் எடுத்துவிட்டால், துரத்திப் பிடித்து வாயைப் பிளக்க முயல்வதே வழக்கமான எதிர்வினை. நாய் ஓடிப்போய் அவசரமாக விழுங்கிவிடும். தினமும் கட்டைக்கு மாற்றாகத் தீனி வாங்கிப் பழகிய நாயோ ‘விடு’ என்றதும் அருகில் வரும். அரளியைக் கவ்விய நாளில் முதல்தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னால் பலன் இராது.

ஆடி மாதக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்கும்போது முற்றத்தில் காகித உறைகளும் சருகும் பறக்கும். புதுப் பழக்கத்துக்கு அது ஏற்ற இடமல்ல. ஆனால் கவனச் சிதறலைக் கூட்டும் ஆறாம் படிக்கு அதுவே பொருத்தமான சோதனை. பழகிய நாயிடம் செய்தித்தாள், துணிப்பை, செருப்பு ஆகியவற்றைக் கொடுத்துச் சுமக்க வைக்கலாம். சாமிக்குப் போகும் பூவை நாயின் வாய்க்கு அருகில் கொண்டுபோவதை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். எனவே பூக்கூடையை இப்பயிற்சியில் சேர்க்காமல், ஒதுங்கி நிற்கப் பழக்குவதே பொருத்தம்.

எச்சரிக்கைகள்

குட்டிக்கு 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் காலத்தில், அதாவது சுமார் நான்கு முதல் ஏழு மாதம் வரை, ஈறு வலிக்கும். அப்போது மென்துணி மட்டுமே கொடுத்து, நேரத்தை நீட்டாமல் இருக்க வேண்டும். நன்றாகப் பிடித்துவந்த நாய் திடீரென மறுத்தால் பல்லிலோ ஈறிலோ கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருளின் மேல் நின்று உறுமும் நாயிடம் இப்பயிற்சியைத் தொடங்காமல், தூரத்திலிருந்து தீனியை எறிந்து மாற்றிக்கொள்ளப் பழக்குவது முதல் வேலை. வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயின் வாயருகே கை போகும் எந்தப் பயிற்சியும் கூடாது.