வெள்ளம் ஈன்ற குடிநீர்

நீரால் அழிவுற்று, அந்நீரையே தேக்கிப் பருகி வாழும் நகரங்கள் சில உண்டு. நாம் குடியேறி வாழும் ஐதராபாத் அவற்றுள் ஒன்று.

1591இல் மூசி ஆற்றங்கரையில் இந்நகர் தோன்றியது. அனந்தகிரி மலையில் பிறக்கும் மூசி, ஆண்டின் பெரும்பகுதி மெலிந்தே ஓடும். அம்மெலிவை நம்பி மக்கள் கரையோரம் நெருங்கிக் குடியேறினர். 1908 செப்டம்பர் 28ஆம் நாள் அந்நம்பிக்கை பொய்த்தது. மேற்புறத்தில் பெருமழை கொட்டி ஏரிகள் பல உடைந்தன. வெள்ளம் நகருள் புகுந்தது. மாண்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின்மேல் ஏறி 150 பேர் உயிர் பிழைத்தனர் என்பது இன்றும் வழங்கும் செய்தி.

அடுத்த ஆண்டு நிசாம் அரசு பொறியியல் பேரறிஞர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. கரையை உயர்த்துவதோடு அவர் அமையவில்லை. நகருக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறாகிய ஈசியிலும் அணை எழுப்புக என்றார். 1920இல் உசுமான் சாகரும், 1927இல் இமாயத் சாகரும் நிறைவுற்றன. இவை வெள்ளத்தைத் தடுத்தன, குடிநீரும் தந்தன. நீர்த்தேக்கம் நகரினும் உயர்ந்த நிலத்தில் அமைந்தமையால், உசுமான் சாகரின் நீர் எந்திரத்தின் துணையின்றித் தானே நகர்நோக்கிப் பாய்ந்தது. அச்சம் தந்த ஆறே அமுதம் தரலாயிற்று.

நகர் பெருகியது. மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி நீர் தொலைவிலிருந்து வந்தது. பழைய தேக்கங்களின் பங்கு சுருங்கியது. அவற்றைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள் மாசு விளைக்கும் தொழில்களையும் பெருங்கட்டடங்களையும் 1996இன் அரசாணை 111 தடுத்தது. நகருக்கு இவற்றின் நீர் இனி இன்றியமையாததன்று எனக் காட்டி, 2022இல் அத்தடைகளை நீக்க மற்றோர் ஆணை பிறந்தது.

இங்குதான் நாம் சிந்தித்தல் வேண்டும். கோதாவரி நம் தாகத்தைத் தீர்க்கும். மூசியின் வெள்ளத்தை அது தாங்குமோ? 2020 அக்டோபர் பெருமழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கியபோது இமாயத் சாகரின் மதகுகளும் திறக்கப்பெற்றன. ஆறு தன் வழியை மறக்கவில்லை.

பிழைப்பை நாடி வந்த நமக்கும் இவ்வூர் தண்ணீர் வார்த்தது. உண்ட நீருக்கு நன்றி பாராட்டுதல் நம் மரபு. இவ்விரு தேக்கங்களின் நீர்பிடி நிலத்தைக் காக்கக் குரல் கொடுத்தலே அந்நன்றியாகும். 1908இல் மாண்டோர்க்கு நாம் செலுத்தும் கடனும் அதுவே.