பனிக்கட்டியைக் காத்த மரத்தூள்

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என வழங்கும் வட்டவடிவக் கட்டடத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1842-இல் அது எழுப்பப்பெற்றது மனிதர் குடியிருப்பதற்கன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கு. ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் அவ்வட்டாரத்துக்கு வந்தது அதனாலேயே.

புதுவையில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், அதன் தடித்த சுவர்களே வெப்பத்தைத் தடுத்தன என்று ஆண்டுதோறும் பாடஞ் சொல்லிவந்தேன். ஒருநாள் கருவடிக்குப்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் தெருவில் ஐஸ் விற்பவரிடம் சுவர் ஏது? மரத்தூளும் சாக்குந்தானே இருக்கின்றன?" என்றான். அவனை அமரச் சொன்னேன், விடை சொல்லவில்லை. அன்று மாலை நூலகத்திற்குச் சென்ற பின்னரே என் பிழை எனக்குப் புலனாயிற்று.

இவ்வாணிகத்தைத் தொடங்கியவர் பிரெடெரிக் டியூடர். 1806-இல் ஏறத்தாழ 130 டன் பனிக்கட்டியை மார்த்தினீக் தீவுக்குக் கொண்டுசென்றார். நம் புதுவையைப் போன்றே பிரெஞ்சுத் தொடர்புடைய தீவு அது. சரக்கு போய்ச் சேர்ந்தது, வைப்பதற்குக் கிடங்கில்லை. உருகியோடியது பனிக்கட்டி மட்டுமன்று, அவருடைய முதலுந்தான்.

அதன்பின் ஹவானா நகரில் கிடங்கு அமைத்தபோது, எப்பொருளைக் கொண்டு வெப்பத்தைத் தடுப்பது என்பதே அவர்முன் நின்ற வினா. வைக்கோல், மரச்சீவல், கம்பளி ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்து, வடியும் நீரை அளந்து பார்த்தார். நாளடைவில் மரத்தூளே அவ்வாணிகத்திற்கு உற்ற துணையாயிற்று. மரமறுக்கும் ஆலைகளின் கழிவாதலின் அது மிக மலிவு. வெப்பத்தைத் தடுப்பது உண்மையில் தூளன்று. தூளினிடையே அசையாது அடைபட்ட காற்று. தூள் நனைந்தாலோ காற்றிருந்த இடத்தை நீர் பற்றிக்கொள்ளும். வெப்பம் எளிதில் உட்புகும். ஆகவே உருகும் நீர் தேங்காது வடிய வழிசெய்தலும் சுவரளவு இன்றியமையாததாயிற்று.

இதனை வகுப்பில் செய்தும் காட்டினேன். உலர்ந்த தூளில் ஒரு கட்டி, நனைந்த தூளில் ஒரு கட்டி. நனைந்ததே முந்தி மறைந்தது. வினா எழுப்பிய மாணவனையே கடிகாரம் பார்க்க வைத்திருந்தேன்.

மற்றொன்றும் உண்டு. குவியல் பெரிதாகப் பெரிதாக, அதன் கொள்ளளவை நோக்க மேற்பரப்புக் குறைவு. உருகும் பங்கும் குறைவு. 1833-இல் கல்கத்தாவுக்கு வந்த முதற் சரக்கு 180 டன். நான்கு திங்கள் கடலில் கழிந்தபின்னும் ஏறத்தாழ 100 டன் எஞ்சியது!

இயந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை பரவவே, சென்னைக் கிடங்கு பயனற்றுப்போயிற்று. பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி மாளிகையாக்கினார். 1897-இல் விவேகானந்தர் தங்கியது அம்மாளிகையில்.

2019-இல் எண்ணூரில் திரவ இயற்கை வாயு முனையம் திறக்கப்பெற்றது. சுழிக்குக் கீழ் 162 பாகைக் குளிரில் அவ்வாயுவைச் சேமிக்கும் இத்தகைய பெருங்கலங்களுக்கு இரட்டைச் சுவர் உண்டு. இடைவெளியில் நிரப்பப்பெறுவது பெர்லைட். எரிமலைக் கல்லைச் சூடேற்றிப் பொரித்த, காற்றறைகள் மலிந்த வெண்தூள். அதனையும் ஈரம் அணுகாமல் காக்கின்றனர்.