பதிவும் முகவரியும்: சிறப்புக் குறிகளைக் குறியேற்றம் செய்யவேண்டிய இடம்

தரவுத்தளப் பதிவில் நூற்பெயராக மட்டும் இருக்கும் ஒரு தொடர், இணைய முகவரிக்குள் நுழைந்ததும் அம்முகவரியின் இலக்கணத்துக்கு உட்பட்டுவிடுகிறது. 2005 சனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986 என்னும் தரநிலை வகுத்தபடி, அங்கே சாய்கோடு பாதையைப் பகுக்கிறது. கேள்விக்குறி வினவல் பகுதியைத் தொடங்குகிறது. '#' குறிக்குப் பிற்பட்டதை உலாவி வழங்கிக்கு அனுப்புவதே இல்லை. வினவல் பகுதியில் '&' ஒரு பெயர்-மதிப்பு இணையை அடுத்த இணையிலிருந்து பிரிப்பது படிவங்களின் வழியே நிலைபெற்ற வழக்கு. எனவே, 'அகம் & புறம்' என்ற தலைப்பை அப்படியே 'நூல்=' என்பதன்பின் ஒட்டினால், வழங்கி 'அகம்' என்பதை மட்டும் நூற்பெயராகக் கொண்டு, 'புறம்' என்பதை மதிப்பில்லாத வேறொரு பெயராக வாசித்து, இருக்கும் நூலையே இல்லை என்று சொல்லிவிடுகிறது.

இதற்கு மாற்று விழுக்காட்டுக் குறியேற்றம். அதாவது, எழுத்தின் ஒவ்வொரு பைட்டையும் '%' குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதுதல். இதன்படி இடைவெளி %20 ஆகவும், '&' %26 ஆகவும் மாறும். மாற்றிய வடிவத்தையே பதிவில் சேமித்துவிட்டால் வேலை குறையும் என்று கருதுவோர் உண்டு. அது பிழையான சிக்கனம். சேமித்த %20 இணைப்பு உருவாகும்போது மறுபடியும் குறியேற்றம் பெற்று, '%' குறி %25 ஆகி, %2520 என்று திரிகிறது. தேடலும் அகரவரிசையும் அச்சுப்பட்டியலும் அதே பதிவைத்தான் நம்பியிருக்கின்றன என்பதால் அவையும் கெடுகின்றன. முகவரி முழுவதையும் கடைசியில் ஒரே வீச்சில் குறியேற்றுவதும் பயன் தராது. அப்போது பிரிப்பான் எது, பெயரின் உறுப்பு எது என்று நிரலால் பிரித்தறிய இயலாது. ஆகவே, பதிவு தூய எழுத்தாகவே இருக்க, இணைப்பைக் கோக்கும் கணத்தில் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே ஒரே ஒருமுறை குறியேற்றுவதே முறை.

தமிழில் சிக்கல் இதனோடு நிற்பதில்லை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் ஆவதால், 'கொடி' என்ற சிறு சொல் நான்கு குறிகள், பன்னிரண்டு பைட்டுகள், முகவரியில் 36 எழுத்துகள் என்று நீள்கிறது. அதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டாவது வகையில் அதே சொல் 45 எழுத்துகளாகும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு இரண்டு முகவரிகள். யுனிகோடு வகுத்த இயல்பாக்க முறைகளில் என்எஃப்சி இவ்விரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதால், குறியேற்றத்துக்கு முன் அதைச் செய்தாக வேண்டும்.

ஆயினும் 'கௌதமன்' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டெழுதிய பதிவை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. ஔகார நெடிலின் வலப்பகுதியும் ளகர எழுத்தும் யுனிகோடில் வெவ்வேறு குறிகள். அந்தத் திருத்தம் இணைப்பில் நடக்கக்கூடியது அன்று, பதிவிலேயே நடக்கவேண்டியது.