கரிசல் சொல்லகராதியும் மேற்கோள் கணக்கும்: கி. ராஜநாராயணனின் பொருண்மையியல் பங்களிப்பு

கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் இது. பள்ளிக் கல்வியை முழுமையாக முடிக்காத கி.ரா., கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதியாக வெளியிட்டார். ஒரு வட்டாரத்திற்கென்றே தமிழில் எழுந்த அகராதிகளுள் அது முன்னோடியாகக் கருதப்படுகிறது. பொருண்மையியலில் அந்நூலின் தாக்கத்தை இன்றைய மேற்கோள் அளவீடுகளால் அறிய இயலுமா என்பது ஆராயத்தக்கது.

வட்டாரச் சொல் தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொற்களை நால்வகைப்படுத்தித் திசைச்சொல்லுக்கும் இடமளித்தது. 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, திருநெல்வேலி வழக்கு, யாழ்ப்பாண வழக்கு எனக் குறியிட்டுச் சொற்களைச் சேர்த்தது. 1960களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த கிளைமொழி ஆய்வுகளில் ஒலியனும் உருபனும் பெற்ற கவனத்தைச் சொற்பொருள் பெறவில்லை. அதில் வியப்பில்லை. அக்கால அமைப்பு மொழியியலே பொருளைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தது.

அந்த இடைவெளி எத்தகையது என்பதைக் கரிசல் வழக்கின் மூன்று சொற்கள் காட்டும். காடு என்பது பொதுவழக்கில் வனம். கரிசலில் மழையை நம்பி உழப்படும் புன்செய். "காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றால் பருத்தியோ கம்போ விளையும் நிலத்திற்குச் சென்றிருக்கிறார் என்றே பொருள். பொதுவழக்கில் குடும்பத்தானைக் குறிக்கும் சம்சாரி என்னும் வடசொல், இங்கே உழுது வாழ்பவனை மட்டும் சுட்டும். குடும்பம் நடத்துவதும் நிலத்தை நடத்துவதும் வேறல்லாத சமூகத்தில் இப்பொருட்குறுக்கம் இயல்பானதே. வெள்ளாமை என்பது வேளாண்மையின் திரிபு. ஆயின் அது தொழிலைவிட விளைச்சலையே பெரிதும் குறிக்கும். சிறுபிள்ளை வெள்ளாமை வீடு வந்து சேராது என்னும் பழமொழியில் வீடு வரவேண்டியது தொழில் அன்று, தானியம். நன்னூல் நெறியில் இதனைத் தொழிலாகுபெயர் எனலாம்.

இப்பொருள் வேறுபாடுகள் தனிச்சொல்லைக் கேட்டு எழுதும் கள ஆய்வாளருக்கு எளிதில் பிடிபடா. "காடு என்றால் என்ன?" எனக் கேட்டால் பள்ளி சென்ற எவரும் வனம் என்றே விடையளிப்பர். சொல்லைப் பேச்சிற்குள் வைத்துக் கேட்டவருக்கே வேறுபாடு புலனாகும். கதைசொல்லியாகவும் உழவராகவும் வாழ்ந்த கி.ரா.வுக்கு அவ்வாய்ப்பு இயல்பாக அமைந்தது. அகராதியியல் பயிற்சி பெற்ற ஒருவர் இப்பணியைச் செய்திருந்தால் நூலின் அமைப்பு வேறாக இருந்திருக்கும். அச்சொற்கள் அவர் காதில் விழுந்திருக்குமா என்பது ஐயமே.

அவரைத் தொடர்ந்து வந்த நூல்களிலும் இப்போக்கு தெரிகிறது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இலும், கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இலும் வெளிவந்தன. இருவரும் புனைகதை எழுத்தாளர்கள். பல்கலைக்கழகத் துறைகள் செய்திருக்க வேண்டிய பணியைப் படைப்பாளிகள் அடுத்தடுத்து மேற்கொண்டமை தமிழ் அகராதி வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

மேற்கோள் அளவீட்டில் இவ்வழிமரபு பதிவாவதில்லை. யூஜின் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, ஆய்விதழ்க் கட்டுரைகளை மனத்திற்கொண்டு எழுந்தது. 2005இல் ஹிர்ஷ் முன்வைத்த எச் குறியீடு, குறைந்தது எச் முறை மேற்கோள் பெற்ற எச் ஆக்கங்களை எண்ணுகிறது. இதன்படி ஒரே நூலை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் அந்நூலால் கிடைக்கும் மதிப்பு ஒன்றே. வாழ்நாள் உழைப்பை ஓர் அகராதியில் குவிப்பவருக்கு இக்கணக்கு பொருந்தாது. பெயர்ச் சிக்கலும் உண்டு. கி.ரா., கி. ராஜநாராயணன், கி. இராசநாராயணன் எனத் துணைநூற்பட்டியல்களில் பலவாறு எழுதப்படும்போது ஒருவரே பலராகப் பிரிகிறார். அகராதிகளை ஆசிரியர் பெயரின்றித் தலைப்பால் மட்டும் சுட்டும் வழக்கம் இதை மேலும் கடினமாக்குகிறது.

எண்ணிக்கையைச் சாராத மதிப்பீடும் நிகழ்ந்திருக்கிறது. 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம், பட்டம் ஏதுமில்லாத கி.ரா.வை வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணி அங்கும் தொடர்ந்தது. 1991ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்குக் கிடைத்தபின், நாவலாசிரியர் என்னும் அடையாளமே மேலோங்கி, அகராதியாசிரியர் பின்னுக்குச் சென்றார். 2021இல் அவர் மறைந்தபோது வந்த நினைவுக் குறிப்புகளிலும் கதைசொல்லியே முன்னின்றார்.

தமிழ்த்துறைகளில் அச்சேறாமல் இருக்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினாலன்றி, இவ்வகராதியின் உண்மையான பயன்பாட்டுக் கணக்கு கிடைக்காது. கரிசலில் பருத்தி குறைந்து, கயத்தாற்றுப் பகுதியில் காற்றாலைகள் பெருகிவரும் காலத்தில், காட்டையும் வெள்ளாமையையும் பழைய பொருளில் ஆள்வோரின் சொற்களைப் பதிவுசெய்யும் வேலையும் அதனுடன் காத்திருக்கிறது.