துரும்பும் தண்ணியும்: 304 புள்ளிகளின் வரலாறு

நான்கு பேர் இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடும் ‘முந்நூற்று நாலு’ என்னும் சீட்டாட்டத்தின் பெயர் அரசனையோ போரையோ ஊரையோ சுட்டுவதில்லை. கட்டில் உள்ள மொத்தப் புள்ளிகளின் தொகையே அதன் பெயர். 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து 2 முதல் 6 வரையிலான சிறு சீட்டுகளை விலக்கிவிட்டால் எஞ்சும் 32 சீட்டுகளில், ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என மதிப்பு வகுக்கப்பட்டுள்ளது. எட்டும் ஏழும் மதிப்பற்றவை. யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் ஆடப்படும் இதற்குக் கேரளத்தில் ‘28’ என்றொரு உடன்பிறப்பு உண்டு. அங்கே சீட்டுகளின் வரிசை மாறாமல், மதிப்பு மட்டும் 3, 2, 1, 1 எனச் சுருங்கி, ராஜாவும் ராணியும் வெறுஞ்சீட்டுகளாகிவிடுகின்றன. மூன்றாவது உடன்பிறப்பு இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து இந்திய வம்சாவளியினரிடையே வாழ்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் அதன் பெயர் ‘துனீ’ போலத் தோன்றினாலும், ஆடுவோர் வாயில் அது ‘தன்னி’ என்றே ஒலிக்கிறது. தமிழின் ‘தண்ணி’ என்னும் சொல்லே அதன் மூலம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

ஆடியவர்கள் ஆடினார்களே தவிர ஆட்டத்தைப் பற்றி எழுதி வைக்கவில்லை என்பதால், இத்தகைய ஆட்டங்களின் வரலாற்றை ஆராய்பவர் ஏட்டுச் சான்றை நம்பியிருக்க முடியாது. சீட்டுகளின் வரிசை, அவற்றின் மதிப்பு, ஆட்டத்தில் வழங்கும் சொற்கள் ஆகிய மூன்றுமே கையில் உள்ள ஆதாரங்கள். அவற்றுள்ளும் மதிப்புக் கணக்கே எளிதில் சிதையாதது. சொல் திரிந்துவிடும், விதி ஊருக்கு ஊர் மாறிவிடும், ஆனால் தினமும் நான்கு பேர் கூட்டிச் சரிபார்க்கும் தொகையில் பிழை நுழைந்தால் அன்றைக்கே சண்டை வந்துவிடும்.

ராஜாவையும் ராணியையும் பின்தள்ளி ஜாக்கியையும் ஒன்பதையும் தலைமேல் வைக்கும் வரிசை இந்தியாவில் பிறந்ததன்று. ஐரோப்பாவில் ‘யாஸ்’ என்னும் ஆட்டக் குடும்பத்தின் அடையாளமே இதுதான். நெதர்லாந்து மொழியில் துருப்பு (பிற இனங்களை வெட்டும் இனம்) ஜாக்கிக்கு ‘யாஸ்’ என்றும், துருப்பு ஒன்பதுக்கு ‘நெல்’ என்றும் பெயர். இன்று அந்நாட்டில் ஆடப்படும் ‘கிளாவர்யாஸ்’ ஆட்டத்தில் துருப்பு ஜாக்கிக்கு 20, துருப்பு ஒன்பதுக்கு 14, ஏஸுக்கு 11, பத்துக்கு 10 என்பது கணக்கு. ஏஸும் பத்தும் இங்கும் அங்கும் அதே 11, அதே 10 என நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு வேறுபாடும் உண்டு: ஐரோப்பிய ஆட்டங்களில் ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் கிடைக்கும் உயர்வு துருப்பு இனத்துக்கு மட்டுமே உரியது, மற்ற இனங்களில் அவை சிறு சீட்டுகளே; ஆனால் 304, 28, தன்னி மூன்றிலும் நான்கு இனங்களின் ஜாக்கிகளும் தத்தம் இனத்தில் முதலிடம் பெறுகின்றன. துருப்பு எது என்பதையே பாதி ஆட்டம் வரை மறைத்து வைக்கும் ஆட்டத்தில், துருப்பைப் பொறுத்து மாறும் வரிசையை வைத்துக்கொண்டு ஆட முடியாது என்பதே இம்மாற்றத்துக்குப் பொருத்தமான காரணமாகப் படுகிறது.

வரைபடத்தில் இவ்வாட்டங்களின் இடங்களைக் குறித்தால் மற்றொரு பொருத்தம் தெரிகிறது. யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் நெதர்லாந்தவராகிய ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து 1658-இல் கைப்பற்றினர். கொச்சி 1663-இல் அவர்கள் வசமானது. நாகப்பட்டினத்தை 1781-இலும், கொச்சியை 1795-இலும், இலங்கைக் கரையோரத்தை 1796-க்குள்ளும் ஆங்கிலேயரிடம் இழக்கும் வரை, அந்தக் கோட்டைகளில் ஒல்லாந்தப் படைவீரர்களும் கணக்கர்களும் மாலுமிகளும் வாழ்ந்தனர். அவர்களோடு சீட்டுக்கட்டும் இருந்தது என்பதற்குச் சொற்களே சாட்சி. சிங்களத்தில் சீட்டின் நான்கு இனங்களும் இஸ்கோப்ப, ஹார்த்த, ருயித்த, கலாபர என வழங்குவது ஸ்கோப்பன், ஹார்த்தன், ரௌதன், கிளாவரன் என்னும் ஒல்லாந்தப் பெயர்களின் நேர்வாரிசு. தமிழில் ‘ஆடுதன்’ என்றும் ‘கிளாவர்’ என்றும் சொல்பவர்களும் அறியாமலே ஒல்லாந்த மொழி பேசுகிறார்கள். பிற எல்லா இனங்களையும் வெட்டும் ஆற்றல் பெற்ற இனத்தை இலங்கையில் ‘துரும்பு’ என்றும் தமிழ்நாட்டில் ‘துருப்பு’ என்றும் அழைப்பதும் கடல்வழி வந்த சொல்லே. அற்பப் பொருளான துரும்பின் பெயரும் ஆட்டத்திலேயே வலிய சீட்டின் பெயரும் ஒன்றாக ஒலிப்பது, மொழி தானறியாமல் செய்துகொண்ட வேடிக்கை.

இவ்வாதத்தில் ஒரு முரண் இருப்பதையும் சொல்ல வேண்டும். ‘யாஸ்’ என்னும் ஆட்டப்பெயர் சுவிட்சர்லாந்து ஆவணத்தில் முதன்முதலாகத் தென்படுவது 1796-இல். அதே ஆண்டில் ஒல்லாந்தர் இலங்கையை விட்டு வெளியேறிவிட்டனர். ஆனால் ஓர் ஆட்டம் அரசு ஏட்டில் ஏறுவது யாரோ புகார் செய்யும்போதுதான் என்பதால், ஏட்டில் ஏறிய ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் கொள்வது தவறு. மேலும், ஆட்டம் சுவிட்சர்லாந்துக்குப் போனதே நெதர்லாந்திலிருந்துதான் என்று அதன் சொற்களே காட்டுவதால், அது அங்கே முன்பே ஆடப்பட்டிருக்க வேண்டும். கோட்டைகளுக்குக் கப்பலேறி வருவதற்கு அந்த இடைவெளி போதுமானது.

வந்த ஆட்டத்துக்கு இந்நிலம் சேர்த்தது என்ன என்று பார்த்தால், மறைப்பே அதில் தலையாயது. 304-இல் ஒவ்வொருவருக்கும் முதலில் நான்கு சீட்டுகள் மட்டுமே தரப்படுகின்றன; அந்த அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டே ‘கேள்வி’ தொடங்கிவிடுகிறது. கேள்வி என்பது, தம் அணி இத்தனை புள்ளிகளைப் பிடிக்கும் என்று ஒருவர் அறிவிக்க, மற்றவர் அதற்கு மேல் அறிவிக்க, ஏலம்போல் ஏறும் முறை. அது 160-இல் தொடங்குகிறது. உயர்ந்த கேள்வி கேட்டவர் தம் நான்கில் ஒரு சீட்டைத் துரும்பாக எடுத்துக் கவிழ்த்து வைக்கிறார். மீதி நான்கு சீட்டுகள் அதன் பின்னரே வருகின்றன. இனி, இறக்கப்பட்ட இனத்தில் சீட்டு இல்லாதவர், தாம் போடும் சீட்டையும் கவிழ்த்தே போட வேண்டும். கேட்டவர் மட்டும் அதைத் தூக்கிப் பார்க்கிறார். அது துரும்பாக இருந்தால் எல்லார்முன்னும் திருப்பி, தம் துரும்பையும் வெளிப்படுத்துகிறார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிடுகிறார். அந்த ஒரு நொடியில் மற்ற மூவரும் சீட்டைப் பார்ப்பதில்லை, கேட்டவரின் முகத்தையே பார்க்கிறார்கள். ஆடுதன் ஜாக்கியும் ஒன்பதும் கையில் வைத்துக்கொண்டு ஆடுதனைத் துரும்பாக்கியவரும், பிறர் கேள்வியை முறியடிக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு ஏழுகளோடு 170 கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டவரும் அந்த நொடியில் ஒரே முகத்தோடு இருக்கக் கற்றிருக்க வேண்டும். போக்குக் காட்டுதல் என்று தமிழ் சொல்லும் கலை இதுவே. யாஸ் குடும்பத்தின் ஐரோப்பிய ஆட்டங்களில் துருப்பு தொடக்கத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடுவதால் இதற்கு அங்கே இடமில்லை.

டர்பனுக்கு இந்த ஆட்டம் எப்படிச் சென்றது என்பது தனிக் கேள்வி. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்களில் பெரும்பான்மையோர் சென்னை வழியாகக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு, முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்மீது 1895-இல் விதிக்கப்பட்ட ஆண்டுக்கு மூன்று பவுன் வரி, முதலாண்டுக் கூலியில் ஆறு மாதத்துக்குச் சமம். 1913-இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே, 1914-இல் அது நீங்கியது.

தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதியும் ஒரு காலத்தில் ஒல்லாந்தர் நிலமே. கேப் பகுதியில் அவர்கள் 1652-இல் குடியேறினர், கிளாவர்யாஸ் இன்றும் அங்கே ஆடப்படுகிறது. எனவே டர்பன் இந்தியர் இந்த ஆட்டத்தைக் கேப்பிலிருந்து கற்றிருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. இதைத் தீர்ப்பது மதிப்புக் கணக்கு. கேப்பிலிருந்து கற்றிருந்தால் 20, 14 என்ற கணக்கு வந்திருக்கும். தன்னியிலோ ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, பிறகு 11, 10, 3, 2 என்ற கணக்கு எண் பிசகாமல் நிற்கிறது. மதிப்பற்ற எட்டையும் ஏழையும் நீக்கி 24 சீட்டுகளோடு ஆடுவதால் கட்டு இளைத்திருக்கிறதே ஒழியத் தொகை குறையவில்லை. ஜோடி என்று தன்னியில் அழைக்கப்படும், ஒரே இனத்து ராஜா ராணி இணைக்குக் கூடுதலாக 20, துருப்பு இனமானால் 40 தரும் வழக்கமும், கடைசிப் பிடிக்கு 10 தரும் வழக்கமும் யாஸ் குடும்பத்து வழக்கங்களை ஒத்தவை. பிடி என்பது நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கி, உயர்ந்த சீட்டுக்குரியவர் வாரிக்கொள்ளும் ஒரு சுற்று.

தன்னியின் தனித்தன்மை அதன் இலக்கில் இருக்கிறது. துருப்பைத் தேர்ந்த அணி தன் புள்ளிகளை எண்ணுவதே இல்லை. எதிரணிதான் எண்ணுகிறது, அது 105-ஐ எட்டிவிட்டால் துருப்பு அணி தோற்றது. ஆகவே வலியவர் வேலை சேர்ப்பதன்று, எதிரே இருப்பவர் பிழைத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது. கேள்வி கேட்கும் முறையும் இதற்கேற்பத் தலைகீழானது: துருப்புரிமைக்காக ஒருவர் கேட்கும் தொகை எதிரணியின் கணக்கில் முன்பணம்போல் ஏறிவிடுகிறது. 20 கேட்டுத் துருப்பை வாங்கியவருக்கு எதிராக 85 புள்ளி போதும். மூன்று ஜாக்கிகள் கைக்கு வந்தாலே 90 ஆகிவிடும். கேள்வியே இல்லாவிடில் அதே மூன்று ஜாக்கிகளோடு இன்னும் 15 புள்ளிக்கு அலைய வேண்டும். முன்பணம் வாங்கி ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஒரு சமூகத்தின் ஆட்டத்தில் விலை முன்கூட்டியே கொடுக்கப்படுவது கவனத்தை ஈர்க்கிறது என்றாலும், அதை வைத்துக் கதை கட்டுவது வரலாறாகாது. பணியாளனாகிய ஜாக்கி ராஜாவை வெல்வதைத் தோட்டக்கூலியின் கலகக் கனவு என்று சொல்வதும் அப்படிப்பட்டதே. அந்த வரிசை கரும்புத் தோட்டங்களுக்கு நெடுங்காலம் முன்பே நெதர்லாந்தில் அமைந்துவிட்டது. வேண்டுமானால் ஒன்றைச் சொல்லலாம்: ராணி தலையாகி ஜாக்கி கடைசியாகும்படி வரிசையைப் புரட்டிப்போட்டு ஆடும் முறைக்கு டர்பன்காரர் ‘ராயல்ஸ்’ என்று பெயர் வைத்திருப்பதில் நகைச்சுவை இருக்கிறது.

‘தன்னி’ என்ற அறிவிப்பே ஆட்டத்தின் உச்சம். ஆறு பிடிகளையும் தாமே வெல்வதாக ஒருவர் சொல்லி இறக்கும் முதல் சீட்டின் இனமே துருப்பாகிறது. வென்றால் நான்கு ‘பால்’, அதாவது நான்கு ஆட்டப் புள்ளி. இடையில் எதிரணி ஒரு பிடியைப் பறித்தால் தோல்வி என்பதோடு, துணைவர் தவறிப் பிடித்துவிட்டாலும் தோல்விதான். இலங்கை 304-லும் துணைவர் தம் சீட்டுகளைக் கவிழ்த்துவிட, கேட்டவர் தனியாக எட்டுப் பிடிகளையும் வெல்லும் அறிவிப்பு ஒன்று உண்டு. ஒருவரே எல்லாவற்றையும் பணயம் வைக்கும் இந்தக் கட்டம் இரு கரைகளிலும் இருப்பது, டர்பன் ஆட்டத்தின் ஊற்று எங்கே என்பதற்கு இன்னொரு சான்று.

1950-இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் டர்பன் இந்தியரைப் பழைய குடியிருப்புகளிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற புறநகர்களில் கொண்டுபோய்ப் போட்டபோது, கோயிலையும் கடையையும் கொண்டுசெல்ல முடியாதவர்கள் சீட்டுக்கட்டைக் கொண்டுசென்றனர். அதே தலைமுறைகளில் தமிழ் வீட்டு மொழி என்ற நிலையிலிருந்து விலகி, ஆங்கிலம் அந்த இடத்துக்கு வந்தது. தண்ணி என்றால் நீர் என்பதை அறியாத இளைஞரும் அச்சொல்லைக் கூவித்தான் ஆறு பிடிகளுக்குப் பணயம் கட்டுகின்றனர்.

யாழ்ப்பாணத்திலும் கொச்சியிலும் டர்பனிலும் இவ்வாட்டங்களின் சொற்களை முழுமையாக அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் எந்தச் சீட்டை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எந்தத் தொகையில் கேள்வியைத் தொடங்குகிறார்கள், எதைக் களவாட்டம் என்று கருதுகிறார்கள் என்பதை மூன்று கரைகளிலும் ஒலிப்பதிவு செய்து ஒப்பிடும் பணியை நாட்டார் வழக்காற்றியல் துறைகள் இந்தப் பத்தாண்டுக்குள் தொடங்க வேண்டும்.