துன்பம் நேர்தலும் துன்பம் ஏற்றலும்: கீழைக் கடற்கரைக் கிறித்தவ வரலாற்றில் பற்றுறுதியின் தெரிவுகள் (1536–1658)

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கடற்கரையில் கிறித்தவம் வேரூன்றிய 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, திருச்சபை வரலாறுகளில் வேதசாட்சிகளின் காலமாகப் போற்றப்படுகிறது. அக்காலத்தில் கடலோர மக்கள் பட்ட துன்பங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. தம்மேல் வந்து விழுந்த துன்பத்துக்கும், தவிர்க்க வழியிருந்தும் தாமே ஏற்ற துன்பத்துக்கும் இடையே வேறுபாடு உண்டு. 1544இன் வடுகர் தாக்குதல், மன்னார்ப் படுகொலை, 1545இல் சவேரியார் மயிலாப்பூரில் எடுத்த முடிவு, 1549இல் வேதாளையில் நிகழ்ந்த அந்தோணி கிரிமினாலியின் மரணம், 1658க்குப் பின் ஒல்லாந்தர் ஆட்சியில் பரதவர் காட்டிய உறுதி ஆகிய ஐந்து நிகழ்வுகளை இவ்வேறுபாட்டின் அடிப்படையில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, பரதவர், மன்னார், சாந்தோம், வேதாளை, வேதசாட்சி.

முன்னுரை

அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில் அமைந்துள்ளது ஊரூர் ஒல்காட் குப்பம். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய இம்மீனவர் குடியிருப்பிலிருந்து முகத்துவாரத்தைக் கடந்து வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் சாந்தோம் வந்துவிடும். தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம் நிற்கிறது. இவ்விரு ஆலயங்களுக்கும் இடைப்பட்ட இக்கரையில் தோமையார் மரபு முதல் இன்றைய திருத்தலப் பயணம் வரை கிறித்தவ நினைவின் பல படிவங்கள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன.

இந்நினைவில் பெரிதும் இடம்பெறுவோர் தனிமனிதர்கள். தோமையார், சவேரியார் என்று பெயர் அறியப்பட்டவர்கள். அவர்களைச் சூழ்ந்திருந்த கடலோர மக்கள் பெரும்பாலும் 'மனம் திரும்பியோர்' என்ற எண்ணிக்கையாகவே ஆவணங்களில் எஞ்சியுள்ளனர். அம்மக்களும் தெரிவுகளைச் செய்தவர்களா, அல்லது அரசுகளின் ஆட்டத்தில் அகப்பட்டவர்கள் மட்டும்தானா என்பது இங்கு எழுப்பப்படும் வினாவாகும்.

1. திருமுழுக்கின் பின்புலம்

1536–37இல் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக அவர்களுக்கும் இசுலாமிய வணிகர்களுக்கும் இடையே கடும் பூசல் நிலவிற்று. காதணியோடு காதும் அறுக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியே அப்பூசலை மூட்டியது என்பது மரபுரை. கோழிக்கோட்டைச் சேர்ந்தவரும் குதிரை வணிகருமான ஜோவான் தா குரூஸ் என்னும் கிறித்தவரின் வழிகாட்டுதலில் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். திருமுழுக்கு அப்பாதுகாப்பின் விலையாக அமைந்தது.

எனவே இம்மதமாற்றம் அரசியல் நோக்குடையது என்ற கருத்து வரலாற்றாசிரியரிடையே நிலைபெற்றுள்ளது. சூசன் பெய்லி முதலானோர் பரதவரின் கிறித்தவத்தைச் சாதித் தலைமை, துறைமுக வணிகம், வழிபாட்டு மரியாதை ஆகியவற்றோடு பிணைத்து விளக்கியுள்ளனர். இவ்விளக்கம் பெரிதும் ஏற்கத்தக்கதே. எனினும் ஒரு சமூகம் எக்காரணத்தால் ஒரு சமயத்துள் நுழைந்தது என்பதற்கான விடை, அச்சமயத்திற்காக இழப்பு நேரும் வேளையில் அது ஏன் வெளியேறவில்லை என்பதற்கும் விடையாகிவிடாது. இவ்விரண்டாம் வினாவே பின்வரும் பகுதிகளை இணைக்கிறது.

2. குமரிமுனைப் பாறைகள்: நேர்ந்த துன்பம்

1542 மே மாதம் கோவா வந்த பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் அக்டோபரில் முத்துக்குளித்துறையை அடைந்தார். 1544 ஜூனில் வடுகர் குதிரைப்படை குமரிமுனைப் பகுதிக் கடலோர ஊர்களைச் சூறையாடியது. உயிர் தப்பியோர் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒதுங்கினர். பசியும் தாகமும் அங்கே பலரை மாய்த்தன. மணப்பாட்டிலிருந்து சவேரியார் தம் துணைவர் மன்சிலாஸ் என்பாருக்கு எழுதிய மடல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. உணவும் நீரும் ஏற்றிய இருபது தோணிகளுடன் அவர் புறப்பட்டார். எதிர்க்காற்றால் கடல்வழி கைகூடாமல், பின்னர் நிலவழியே நடந்து சென்று அம்மக்களைக் கண்டார்.

பக்தி இலக்கியம் இந்நிகழ்வைச் சமயத் துன்புறுத்தலாகச் சித்திரிப்பதுண்டு. ஆயின் மடல்களின் சான்று அதற்கு இடந்தரவில்லை. தென்பாண்டிப் பகுதியின் மேலாதிக்கத்திற்காக விசயநகரச் சார்பினரும் திருவிதாங்கோட்டு ஆட்சியாளரும் உள்ளூர்த் தலைவர்களும் மோதிக்கொண்ட சூழல் அது. போர்த்துக்கீசியரைச் சார்ந்திருந்ததால் பரதவர் ஒரு தரப்பினராகக் கருதப்பட்டனர். பாறைகளில் மாண்டோரிடம் எவரும் அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றி வினவவில்லை. இவ்வாறு கூறுவது அத்துன்பத்தின் அளவைக் குறைப்பதாகாது. அது 'நேர்ந்த துன்பம்' எனும் வகையைச் சார்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

3. மன்னார்: தடையை மீறிய திருமுழுக்கு

அதே ஆண்டின் பிற்பகுதியில் மன்னார்த் தீவில் நிகழ்ந்தது வேறுவகையானது. முத்துக்குளித்துறையின் செய்தி கேட்டு மன்னார் மக்கள் சவேரியாரைத் தம்மிடம் அழைத்தனர். தாம் செல்ல இயலாமையால் அவர் குரு ஒருவரை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். மன்னார் அப்போது யாழ்ப்பாண அரசின் ஆளுகையில் இருந்தது. செய்தியறிந்த சங்கிலி மன்னன் படையனுப்பிப் புதுக்கிறித்தவரைக் கொன்றான். கொல்லப்பட்டோர் அறுநூறு முதல் எழுநூறு வரை என்பது வழிவழி வரும் கணக்கு.

சங்கிலியின் செயலுக்கு அரசியற் காரணங்கள் வெளிப்படை. மன்னார் முத்துச்சலாப வருவாயின் நிலம். அரசுரிமை கோரிய தமையன் ஒருவன் போர்த்துக்கீசியரின் துணையை நாடியிருந்தான். மறுகரையில் திருமுழுக்கு போர்த்துக்கீசிய ஆதிக்கத்தின் முன்னோடியாய் வந்ததை அம்மன்னன் கண்டிருந்தான். அவன் நோக்கில் அம்மக்கள் புதிய இறைவனை ஏற்றவர்கள் என்பதைவிட வேற்றரசனின் குடிகளாக மாறியவர்கள்.

ஆனால் கொன்றவனின் நோக்கம் ஒன்று. கொல்லப்பட்டவரின் தெரிவு மற்றொன்று. பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியக் கப்பல்கள் அவர்களுக்கு அரணாயிருந்தன. மன்னாருக்கு அத்தகைய அரண் அப்போது இல்லை. தம் மன்னனின் விருப்பத்திற்கு மாறாக, உடனடிப் பயன் ஏதுமின்றி, வெளியிலிருந்து குருவை வேண்டி அழைத்தவர்கள் அவர்கள். கொலைக்களத்தில் அவர்கள் என்ன கூறினர் என்று பிற்காலத்தோர் எழுதியவற்றை வரலாற்றாசிரியர் ஐயத்துடனேயே அணுகவேண்டும். அழைப்பும் திருமுழுக்கும் சவேரியாரின் சமகால மடல்களிலேயே சான்று பெற்றவை. அவர்களது தெரிவு மரண வேளையிலன்றி அழைத்த வேளையிலேயே நிகழ்ந்தது எனலாம்.

4. மயிலாப்பூர், 1545: சரக்கும் குருதியும்

மன்னார்ப் படுகொலைக்குப் பழிதீர்க்க யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுக்கப் போர்த்துக்கீசியர் திட்டமிட்டனர். சவேரியாரும் அதனை ஆதரித்தார். அப்படையை எதிர்நோக்கி 1545இன் தொடக்கத்தில் நாகப்பட்டினம் சென்றார். படை புறப்படவில்லை. பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கீசிய மன்னரின் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி நிற்க, அதன் சரக்கு சங்கிலியின் வசப்பட்டது. சரக்கு மீளும்வரை படையெடுப்பு நிறுத்தப்பட்டது. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. பற்றுறுதிக்குப் பாதுகாப்பு என்று உறுதி கூறியிருந்த அரசு, இறந்தோரின் குருதியைவிடக் கரைதட்டிய சரக்கைப் பெரிதாக எண்ணியது.

அதன்பின் சவேரியார் மயிலாப்பூருக்கு வந்தார். சாந்தோம் பங்கின் குருவான கஸ்பார் கோயேலியுவின் இல்லத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கித் தோமையார் கல்லறையருகே வேண்டுதலில் ஈடுபட்டார். அங்கிருந்து 1545 மே 8 அன்று கோவாவிலுள்ள தம் தோழர்க்கு எழுதிய மடலில், மலாக்காவுக்குச் சென்று அங்கிருந்து கீழைத்தீவுகளை அடையும் முடிவைத் தெரிவித்தார். அவ்வாண்டு போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிடில் இசுலாமியர் அல்லது பிற சமயத்தாரின் கப்பலில் செல்லவும், இக்கரையிலிருந்து ஒரு கட்டுமரம் புறப்பட்டால் அதிலேறிச் செல்லவும் தயங்கப்போவதில்லை என்பது அம்மடலின் கருத்து.

கட்டுமரம் என்ற குறிப்பு உவமையாக மட்டும் எழுந்ததன்று. சாந்தோமுக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் இடையே நாள்தோறும் கண்ட காட்சியிலிருந்து அது பிறந்திருக்க வேண்டும். அதன் வரலாற்றுப் பொருள் மேலும் ஆழமானது. சில திங்கள்களுக்கு முன் போர்க்கப்பலை எதிர்நோக்கி நின்றவர், இப்போது கட்டுமரமே போதும் என்கிறார். அரசின் காவலைத் துறந்துவிட்டார் என்று இதற்குப் பொருள்கொள்வது மிகையாகும். பின்னாளிலும் அவர் போர்த்துக்கீசிய மன்னரின் உதவியை வேண்டியே வந்தார். ஆயினும் ஆபத்தை அறிந்தே தேர்ந்தெடுக்கும் மனநிலைக்கு இம்மடல் நேரடிச் சான்று.

5. வேதாளை, 1549: தோணியில் ஏறாதவர்

இத்தாலியின் பார்மாவுக்கு அருகிலுள்ள சிஸ்ஸாவில் 1520இல் பிறந்த அந்தோணி கிரிமினாலி, முத்துக்குளித்துறை இயேசு சபையினரின் தலைவராக இருந்தவர், தமிழ் பயின்றவர். இராமேசுவரத்தை அடுத்த வேதாளையில் போர்த்துக்கீசியத் தளபதி அகழி ஒன்றை வெட்டி, இராமேசுவரம் செல்லும் திருப்பயணிகளிடம் வரி வாங்கத் தொடங்கினான். இதனால் சினமுற்றோரின் சார்பில் 1549இல் வடுகர் படை வேதாளையைத் தாக்கியது. எதிர்த்து நிற்கும் வலுவற்ற போர்த்துக்கீசியர் கப்பலேறினர். கிரிமினாலி பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றுவதில் ஈடுபட்டார். தாமும் ஏறித் தப்பலாம் என்ற வாய்ப்பிருந்தும் ஏறவில்லை. கரையிலேயே ஈட்டிகளுக்கு இரையானார்.

இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்று அவர் குறிக்கப்பெறுகிறார். எனினும் அவரது மரணத்தை 'விசுவாசத்தின் மேலுள்ள வெறுப்பால்' நேர்ந்ததெனக் கூறுவதில் இடர்ப்பாடு உண்டு. தாக்குதலின் காரணம் கிறித்தவம் அன்று; பிற சமயத்தாரின் வழிபாட்டு வழியில் விதிக்கப்பட்ட வரி. அநீதியைத் தொடங்கியது அவர் பக்கத்து ஆட்சியே. இவ்வுண்மையை மறைக்கும் புகழுரைகள் அவருடைய செயலின் சிறப்பையும் மறைத்துவிடுகின்றன. தாம் செய்யாத பிழையின் விளைவை, தப்பிச்செல்ல வழியற்றோருடன் நின்று ஏற்றவர் அவர். எதிரியின் வெறுப்பை வைத்து அளக்கும் அளவுகோலில் இம்மரணம் அடங்காது; மரித்தவரின் தெரிவை வைத்து அளந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

கிரிமினாலிக்குப்பின் தலைமையேற்ற அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலையும் 1586இல் 'அடியார் வரலாறு' நூலையும் அச்சேற்றினார். கடலோர மக்களுக்காகத் தொடக்ககாலத் தமிழ் அச்சில் வெளிவந்த பெருநூலின் பொருள் துன்புற்ற அடியார்களின் வாழ்வாக அமைந்தது தற்செயல் அன்று. துன்பத்தைக் கண்ணால் கண்ட தலைமுறைக்கு அதனைப் பொருள்படுத்திக்கொள்ளும் மொழி தேவைப்பட்டது.

6. ஒல்லாந்தர் ஆட்சி: நாள்தோறும் ஏற்ற துன்பம்

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகியவற்றைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. பரதவரைச் சீர்திருத்தக் கிறித்தவத்துக்குக் கொணரப் போதகர் பிலிப் பால்டேயஸ் முயன்று தோல்வியுற்றார். அத்தோல்வியை 1672இல் வெளிவந்த அவரது நூலே ஒப்புக்கொள்கிறது. பரதவர் ஒல்லாந்தர் அதிகார எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களுக்குச் சென்று திருப்பலி கண்டனர்.

முதற்பகுதியில் எழுந்த வினாவுக்கு இங்கே விடை தெளிவாகிறது. பாதுகாப்புக்காக மட்டும் சமயம் மாறியவராயின், பாதுகாவலர் மாறியபோது பரதவர் மீண்டும் மாறியிருப்பர். முத்துச்சலாபமும் துறைமுகமும் இப்போது ஒல்லாந்தர் கையில். அரசியற் கணக்கு முழுவதும் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. அக்கணக்கை மீறியே பரதவர் பழைய வழிபாட்டில் நிலைத்தனர். இதில் சாதி ஒற்றுமைக்கும் தலைவரின் அதிகாரத்துக்கும் பங்குண்டு என்பது மெய். ஆயினும் சமூகத்தன்மை உடைய தெரிவும் தெரிவே. ஒருநாளில் முடியும் மரணத்தைப்போல் இது பாடப்படுவதில்லை. தலைமுறைக் கணக்கில் நீண்ட இவ்விழப்புக்குத் திருநாளும் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவதாக, 16ஆம் நூற்றாண்டுக் கடலோரக் கிறித்தவரின் துன்பங்கள் அனைத்தையும் வேதசாட்சியம் என்ற ஒரே பெயரால் குறிப்பது வரலாற்றைத் தட்டையாக்குகிறது. குமரிமுனையில் மக்கள் துன்பத்திற்கு ஆளாயினர். மன்னாரிலும் வேதாளையிலும் தூத்துக்குடியிலும் வெவ்வேறு அளவில் துன்பத்தை ஏற்றனர்.

இரண்டாவதாக, மதமாற்றத்தின் தொடக்க நோக்கம் பிற்காலப் பற்றுறுதியின் தன்மையை முற்றாகத் தீர்மானிப்பதில்லை. 1536இல் பாதுகாப்பை நாடிய சமூகமே 1658க்குப்பின் பாதுகாப்பை இழந்தும் நம்பிக்கையைக் காத்தது.

மூன்றாவதாக, மக்கள் துன்புற்ற இடங்களில் போர்த்துக்கீசிய அரசின் பங்கு மறக்கத்தக்கதன்று. நாகப்பட்டினத்தில் அது சரக்கைத் தேர்ந்தது; வேதாளையில் வரியைத் தேர்ந்தது. இரண்டின் விலையையும் செலுத்தியவர்கள் கடற்கரை மக்கள்.

சவேரியாரின் பெயரும் கிரிமினாலியின் பெயரும் எஞ்சியுள்ளன. பாறைகளில் ஒதுங்கியோர், மன்னாரிலிருந்து அழைப்பு விடுத்தோர், தோணியில் ஏற்றப்பட்ட பெண்கள், மறைவாகத் திருப்பலிக்கு நடந்தோர் ஆகியோருடைய பெயர்கள் மடல்களில் இல்லை. அவர்கள் செய்த தெரிவுகளை அயலவர் எழுதிய ஆவணங்களின் இடைவெளிகளிலிருந்து மீட்டெடுப்பதே தமிழகக் கிறித்தவ வரலாற்றாய்வின் முன்னுள்ள பணியாகும். தோணியும் கட்டுமரமும் அவ்வரலாற்றில் வெறும் பின்னணிப் பொருள்களல்ல. அவற்றைச் செலுத்தியவர்களும் அவ்வரலாற்றின் மாந்தரே.